சமையலறைச் சுவருக்கு மூன்று துளைகள்: கேஸ் வரும் வழி இருக்கிறது, புகை போகும் வழி?

சுங்கைப்பட்டாணி – பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பழைய விறகு அடுப்பு இன்னும் சில வீடுகளின் பின்புறத்தில் கிடக்கிறது. பொங்கலுக்கோ, திதிக்கோ, கோயில் திருவிழாச் சமையலுக்கோதான் அதில் நெருப்பு. அன்றாடச் சமையல் எல்லாம் கேஸ் அடுப்பில்தான். தோட்டத்தை விட்டுத் தமான்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள் வீட்டில் விறகு அடுப்புக்கு இடமே இல்லை.

இந்த மாற்றத்தில் ஒரு பழக்கம் சத்தமில்லாமல் விடுபட்டுப் போனது. விறகு அடுப்புக்கு இடம் பார்த்தவர்கள் முதலில் யோசித்தது புகை எந்தப் பக்கம் போகும் என்பதைத்தான். கூரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினார்கள், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டார்கள், காற்று வரும் திசை பார்த்து அடுப்பைத் திருப்பி வைத்தார்கள். புகை கண்ணை எரித்தது, சுவரைக் கறுப்பாக்கியது. அதை மறக்க முடியவில்லை. கேஸ் அடுப்பின் புகை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அதற்கும் ஒரு வழி வேண்டும் என்பது வீட்டைக் கட்டுகிறவருக்கும் தோன்றுவதில்லை, குடியிருப்பவருக்கும் தோன்றுவதில்லை.

தமான் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். வரிசை வீடாகக் கட்டிக் கொடுக்கும்போது சமையலறைப் பின்சுவரில் காற்றோட்டக் கற்கள் இருக்கும். பின்னால் திறந்த இடம், அதற்கு அப்பால் சந்து. வாங்கிய சில ஆண்டுகளில் பின்பக்கத்தை எல்லை வரை இழுத்துக் கட்டி, மேலே கூரை போட்டு, எலி வருகிறது, தூசு வருகிறது என்று காற்றோட்டக் கற்களைச் சிமெண்டு வைத்துப் பூசிவிடுகிறோம். முன்பு வெளியே இருந்த கேஸ் தோம்பு, இடம் மாறாமலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் வயதான பெற்றோருக்காகவோ, பிள்ளை பெற்றவளின் குளியலுக்காகவோ, சமையல் குத்தகைத் தொழிலுக்காகவோ கேஸில் ஓடும் வெந்நீர் ஹீட்டரும் அதே சுவரில் ஏறுகிறது. மின்சார ஹீட்டர்தான் இங்கு பரவலாக இருக்கிறது என்றாலும், நிறைய வெந்நீர் தேவைப்படும் இடங்களில் கேஸ் ஹீட்டரைத் தேடுகிறவர்கள் உண்டு.

இந்தச் சுவரைக் கேஸுக்காகத் தயார் செய்வது என்றால் அதில் மூன்று துளைகள் வேண்டும். ஒன்று, கேஸ் குழாய் உள்ளே வர. இரண்டு, எரிந்த புகை வெளியே போக. மூன்று, காற்று உள்ளே வரவும் கசிந்த கேஸ் வெளியேறவும் தரையை ஒட்டி ஒன்று. பெரும்பாலான வீடுகளில் முதல் துளை மட்டும் இருக்கிறது. அதுவும் சரியாக இருப்பதில்லை.

காற்றின் கணக்கு

ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். 10 அடி நீளம், 8 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஒரு சமையலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 20 கன மீட்டர்தான். அடுப்பின் ஒரு வாய் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்குச் சுமார் 300 கிராம் கேஸ் செலவாகும். தோசை சுட்டு, குழம்பு வைத்து இறக்கும் நேரத்துக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 8 லிட்டர் வெந்நீர் தரும் ஒரு ஹீட்டர், முழு வேகத்தில் ஓடினால், மணிக்கு ஒரு கிலோவுக்கும் மேல் எரிக்கும். நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்து முடிப்பதற்குள், அடைத்த அறையின் காற்றில் பெரும்பங்கை அது கேட்கும். தீபாவளிக்கு முன் பின்கட்டில் பெரிய அடுப்பை வைத்து, மழைச்சாரலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, மணிக்கணக்கில் முறுக்கு சுடும் வீடுகளிலும் இதே கணக்குதான்.

காற்று குறைந்தால் நெருப்பு உடனே அணைந்துவிடுவதில்லை. நீல நிறம் மாறி மஞ்சளாகிறது, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது. அந்த நேரத்தில் உருவாவதுதான் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறும் அந்த நாற்றம், கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எரிவாயுவில் வேண்டுமென்றே கலக்கப்படுவது. எரிந்து முடிந்த புகையில் அது இருக்காது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி என்று தொடங்கும். பித்தம், வெயில், தூக்கமின்மை என்று நாமே காரணம் சொல்லிக்கொண்டு, அதே அறையில் படுக்கவும் செய்வோம். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனால் சரியாகிவிட்டால், மாத்திரை தேடுவதற்கு முன் ஹீட்டரைப் பார்க்க வேண்டும்.

முதல் துளை: குழாய்

தோம்பு வீட்டுக்கு வெளியே, நிழலான, சமமான சிமெண்டுத் தரையில், நிமிர்ந்த நிலையில் இருப்பதுதான் நல்லது. பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சுவரில் ஆணி போகிற அளவுக்கு ஓட்டை போட்டு, ஆரஞ்சு நிற ரப்பர் குழாயை அப்படியே அதில் நுழைத்துவிடுகிறார்கள். செங்கல்லின் கூரான விளிம்பு ரப்பரைத் தேய்க்கும். சுவருக்குள் வெடித்தால் வெளியே தெரியாது. வெளிப்பக்கத்தில் எலி கடிக்கும், வெயில் காய்க்கும்.

சுவரைக் கடக்க வேண்டியது செம்புக் குழாய். அதுவும் நேராகச் சிமெண்டில் புதையக் கூடாது, சிமெண்டு செம்பை அரிக்கும். கேஸ் குழாயைவிடச் சற்று அகலமான ஓர் உறைக்குழாயைச் சுவரின் முழுத் தடிமனுக்கும் பதித்து, அதற்குள் இதை விட வேண்டும். உறையின் உள்பக்க வாயை மட்டும் அடைத்து, வெளிப்பக்க வாயைத் திறந்து விடுவார்கள். உள்ளே கசிவு ஏற்பட்டால் கேஸ் வீட்டுக்குள் வராமல் வெளியேற இந்த ஏற்பாடு. அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் அடைப்பான் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் அங்கிருந்து அடுப்பு வரை போனால் போதும். ரப்பர் குழாய், ரெகுலேட்டர் இரண்டிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது ஒரு நிமிட வேலை.

சின்ன இணைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு சம்பவம் இன்றும் கட்டடப் பொறியியல் வகுப்புகளில் பாடம். இன்று தமிழர்கள் பெருமளவில் வாழும் நியூஹாம் பகுதியில், கேனிங் டவுன் என்ற இடத்தில், ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு இருந்தது. 1968 மே 16 அதிகாலையில் 18ஆவது மாடியில் குடியிருந்த ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தார். கசிந்து நிறைந்திருந்த கேஸ் வெடித்தது. அந்த அழுத்தம் சுமைதாங்கும் சுவர்ப் பலகைகளை வெளியே தள்ள, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தனர். அடுப்பைப் பற்ற வைத்தவர் உயிர் தப்பினார். அடுப்பைக் கேஸ் குழாயோடு இணைத்த பித்தளை நட்டு தரக்குறைவானது என்று விசாரணை கண்டறிந்தது.

இரண்டாவது துளை: புகைபோக்கி

குளிர்நாடுகளில் வரவேற்பறையிலேயே கேஸ் கணப்பு இருக்கும். பிரிட்டனில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருக்கலாம். பழைய கரியடுப்பு இருந்த குழியில் அதைப் பொருத்துவதற்கு முன், புகைக்கூண்டைத் துடைத்து, மேலே பறவைக்கூடு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, புகைவிட்டு இழுவையைச் சோதித்து, குழியின் வாயை அளந்து வெட்டிய தகட்டால் மூடுவார்கள். சுவர் தயாராகும் வரை கணப்பு பெட்டியை விட்டு வெளியே வராது. அங்கே பதிவு பெற்ற கேஸ் பணியாளர் தவிர வேறு யாரும் தொழில்முறையில் இதைத் தொடக் கூடாது என்பது சட்டம். கெடா வெயிலில் யாருக்கும் கணப்பு வேண்டாம்தான். ஆனால் கேஸ் ஹீட்டரும் அதே குடும்பத்துப் பொருள், சுவரிடம் அது கேட்பதும் அதையேதான்.

ஹீட்டர்களில் இரண்டு விதம் உண்டு. அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்து எரித்து, புகையை மட்டும் குழாய் வழியே வெளியே அனுப்பும் விதம் ஒன்று. காற்றையும் வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியிலேயே விட்டு, அறைக் காற்றைத் தொடாத மூடிய விதம் இன்னொன்று. பின்னது விலை கூடுதல். ஆனால் அடைத்த சமையலறை உள்ள வீட்டுக்கு அதுதான் பொருத்தம். முதல் விதத்தைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. புகைக்குழாய் இல்லாமலே சிறிய ஹீட்டரை மாட்டிவிட்டு, “ஜன்னல் இருக்கிறதே” என்று சொல்லும் பொருத்துநர் வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

எந்தச் சுவரில் துளையிடுவது என்பதுதான் முதல் முடிவு. அது நேராகத் திறந்த வெளியைப் பார்த்த சுவராக இருக்க வேண்டும். அடுத்த வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர் ஆகாது. கூரை போட்டு மூடிய பின்கட்டுக்குள் புகையை விட்டால் வெளியே விட்டதாக ஆகாது, பக்கத்து அறைக்கு மாற்றியதாகத்தான் ஆகும். சீலிங்குக்கு மேலே விடுவதும் அப்படியே. அது தகரத்துக்கு அடியில் தங்கி, படுக்கையறைப் பக்கம் இறங்கும். குழாயின் வெளிவாய் ஜன்னல், காற்றோட்டக் கல், ஏர்கோன் இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை ஹீட்டரோடு வரும் கையேட்டில் போட்டிருப்பார்கள். அந்தத் தாளைத்தான் பெட்டியோடு சேர்த்து முதலில் தூக்கி எறிகிறோம்.

இடத்தைக் குறித்த பிறகு, சுவரின் இரு பக்கமும் பார்க்க வேண்டும். மின்கம்பி, தண்ணீர்க் குழாய் அந்த வழியே போகிறதா? அது செங்கல் நிரப்பிய இடமா, பீமா, தூணா? பீமிலும் தூணிலும் கை வைக்கக் கூடாது. நம் தமான் வீட்டுச் சுவர் பெரும்பாலும் அரைக்கல் சுவர், பூச்சோடு சேர்த்து ஐந்தரை அங்குலம் இருந்தால் அதிகம். உளியும் சுத்தியலும் கொண்டு உடைத்தால் உள்ளே ஒழுங்காகத் தெரியும் ஓட்டை, வெளியே தட்டு அளவுக்குப் பெயர்ந்திருக்கும். சுற்றியுள்ள கற்களும் ஆட்டம் காணும். வட்டமாக அறுக்கும் துளை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வரும் குத்தகையாளர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. துளை வெளிப்பக்கம் இலேசாகச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை குழாய் வழியே ஹீட்டருக்குள் இறங்கும்.

குழாயைச் சுற்றிச் சிமெண்டு வைத்து இறுக்குவது பொதுவான தவறு. உலோகக் குழாய் சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும். சில மாதங்களில் சிமெண்டு வெடித்து, அந்தக் கீறல் வழியே புகை திரும்ப உள்ளே வரும். வெப்பம் தாங்கும் கயிறும் பசையும் வைத்துத்தான் அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். பிவிசி வடிகால் குழாயைப் புகைபோக்கியாக மாட்டுவது அதைவிட மோசம். சூட்டில் அது இளகித் தொய்ந்துவிடும். வெளிவாய்க்குக் கம்பிவலை மூடி தேவை. இல்லையென்றால் மைனாவும் குளவியும் வீடு பார்த்துவிடும். ஹீட்டரைத் தாங்கும் இடத்தில் பூச்சு உப்பியிருந்தால் தட்டிப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பின்தான் திருகாணி ஏற்ற வேண்டும்.

நெருப்புக்குக் காற்றை அளந்து கொடுக்கும் வித்தை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செமிலிங்கை அடுத்த சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தவற்றில், பழங்கால இரும்பு உருக்கு உலைகளும், உலைக்குள் காற்றைச் செலுத்தப் பயன்பட்ட சுடுமண் குழாய்களும் ஏராளம். கடாரத்தில் உலை வைத்தவர்கள் காற்று வரும் வழியைத் தனியாகச் செய்து வைத்தார்கள். நாம் இருந்த வழியையும் பூசிவிட்டோம்.

மூன்றாவது துளை: தரையோரம்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை. கசிந்தால் தரையில் படரும், கால்வாய்க் குழிக்குள் இறங்கித் தேங்கும். மேலே உள்ள ஜன்னலையும் விசிறியையும் நம்பிப் பயனில்லை. காற்றில் வெறும் 2 விழுக்காடு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு 14 கிலோ தோம்பில் உள்ளது முழுவதும் வாயுவானால் சுமார் 6 கன மீட்டர். மேலே சொன்னது போன்ற பதினைந்து சமையலறைகளைப் பற்றும் நிலைக்குக் கொண்டு வர அது போதும்.

அதனால் வெளிச்சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒரு காற்றோட்டக் கல்லோ, வலையடித்த திறப்போ வேண்டும். மேலேயும் ஒன்று இருந்தால் ஆவியும் சூடும் வெளியேறும். பூசி மறைத்த பழைய காற்றோட்டக் கற்களைத் தட்டித் திறப்பதுதான் செலவில்லாத வழி. எலிக்குப் பயந்தால் உள்ளே கம்பிவலை அடிக்கலாம். திருட்டுக்குப் பயந்து தோம்பைக் கூண்டிலோ அலமாரியிலோ பூட்டி வைப்பவர்கள், அதன் அடிப்பாகம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோம்புக்குப் பக்கத்தில் சாக்கடைத் திறப்பு இருக்கக் கூடாது.

தோட்டத்து வீடு என்றால்

லயத்து வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தாது. பாதி செங்கல், பாதி பலகை என்று கட்டியவை பல. பலகைச் சுவர் வழியே சூடான புகைக்குழாயை நேராக விடக் கூடாது. துளையை அகலமாக வெட்டி, நடுவில் தீப்பிடிக்காத தகடு வைத்து, குழாய் மரத்தைத் தொடாதபடி செய்ய வேண்டும். செங்கல் பகுதியைத் தேர்ந்தெடுப்பது மேல். சில பழைய வரிசைகளில் வீட்டுக்கு வீடு இடைச்சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் விட்ட புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கு மேலே போய் நிற்கும். பழைய அஸ்பெஸ்டோஸ் தகடு இருக்கும் இடத்தில் துளையிடவே வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

இன்னொன்று, அந்தச் சுவர் தோட்ட நிர்வாகத்துடையது. நிர்வாகியிடம் எழுத்தில் கேட்காமல் உடைத்தால், பின்னால் வீட்டைக் காலி செய்யும் நேரத்தில் அதுவே ஒரு வழக்காக வந்து நிற்கலாம். ஆனால் பொறுப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. தொழிலாளர் வீடமைப்புக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி, தொழிலாளருக்குக் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியவர் முதலாளி. சமையலறையில் காற்றோட்டமே இல்லை என்பதை முறையாக எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். தமான் வீட்டுக்காரர்களுக்கோ, பின்கட்டை நீட்டுவதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். வரைபடம் வரைகிறவரிடம் தோம்பு எங்கே, புகை எங்கே என்று அப்போதே கேட்டுவிட்டால் பிறகு சுவரை இரண்டு முறை உடைக்க வேண்டியதில்லை. குழாய் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் குத்தகையாளரை அழைப்பதே பாதுகாப்பு.

வேலை முடிந்த அன்று

இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகு அறைக்காற்றில் எரியும் ஹீட்டருக்கு இரண்டாவது சோதனை. கதவு ஜன்னலைச் சாத்தி, சமையலறையில் விசிறி அல்லது புகையுறிஞ்சி இருந்தால் அதையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, ஹீட்டரைப் பத்து நிமிடம் எரிய விட வேண்டும். பிறகு புகை சேரும் வாயருகே பொருத்துநர் ஓர் ஊதுபத்தியைக் காட்டிப் பார்ப்பார். பத்திப் புகை உள்ளே இழுக்கப்பட்டால் சரி. அறைப்பக்கம் திரும்பி அடித்தால், விசிறி வீட்டுக்குள் புகையை இழுக்கிறது என்று பொருள். உடனே அணைத்து, கதவைத் திறந்து, மூன்றாவது துளையைப் பெரிதாக்கும் வரை ஹீட்டரைத் தொடக் கூடாது. மூடிய வகை ஹீட்டருக்கு இந்தச் சோதனை கிடையாது.

பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியில் இஎன் 50291 என்ற தரக்குறி இருந்தால் வாங்கலாம். மனிதர் மூச்சுவிடும் உயரத்தில் அதை மாட்ட வேண்டும். கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி வேறு, அதன் இடம் தரையோரம். இரண்டையும் மாற்றி மாட்டிய வீடுகள் உண்டு.

நாற்றம் அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எட்டும் இடத்தில் இருந்தால் தோம்பை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே வந்த பிறகு 999க்கு அழைக்க வேண்டும். கைப்பேசியை வீட்டுக்குள் வைத்து அழைக்காமல், வாசல் தாண்டி வந்து அழையுங்கள்.